டேட்டாபேஸிலிருந்து விண்டோஸ் கமாண்ட்: என் லேப்டாப்பில் ஓடுகிறது, சர்வரில் 'அனுமதி இல்லை'

நூல்கண்டு | திங்கள், காலை 10.40

வணக்கம். இரண்டு நாளாக மண்டை காய்கிறது, யாராவது கைகொடுங்கள்.

நூல் வியாபாரத்துக்கான பில்லிங் அப்ளிகேஷன் இது. முன்பக்கம் விபி டாட்நெட், பின்னால் எஸ்கியூஎல் சர்வர் 2016 ஸ்டாண்டர்ட். பில் போட்டு முடித்ததும் டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்து வைத்த ஒரு நிரல், ஸ்டோர்ட் புரொசீஜர், ஓடும். அது, டேட்டாபேஸுக்குள்ளிருந்து விண்டோஸ் கமாண்டை ஓட்டும் எக்ஸ்பி_சிஎம்டிஷெல் வழியாக, முதலில் டேட்டாவைக் கோப்பாக எடுக்கும் பிசிபி என்ற புரோகிராமைக் கூப்பிட்டு அந்தப் பில்லை சிஎஸ்வி கோப்பாக டி டிரைவில் எழுதும். பிறகு ஒரு காப்பி கமாண்ட் கொடுத்து, கணக்குப் பிரிவின் பொது ஃபோல்டருக்கு அனுப்பும். அந்த ஃபோல்டர் எல்லாருடைய கணினியிலும் இசட் டிரைவாக மாட்டப்பட்டிருக்கிறது.

காப்பியில் முதலில் இசட் என்றே கொடுத்தேன். 'குறிப்பிட்ட டிரைவ் கிடைக்கவில்லை' என்றது. இசட் என்பதை எடுத்துவிட்டு, இரண்டு பேக்ஸ்லாஷில் தொடங்கும் முழு நெட்வொர்க் பாதையைக் கொடுத்தேன். இப்போது என் லேப்டாப்பில் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது, சர்வரில் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அதே சர்வருக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் போய் அதே ஃபோல்டரைக் கையால் திறந்தால் திறக்கிறது. டேட்டாபேஸுக்குள் அப்ளிகேஷனும் நானும் எஸ்ஏ என்ற தலைமை லாகினில்தான் நுழைகிறோம். இதற்கு மேல் என்ன உரிமை வேண்டும்?

வேலம்மாள்_டிபிஏ | திங்கள், காலை 11.05

எஸ்ஏ என்பது டேட்டாபேஸுக்குள் ராஜா. வாசலைத் தாண்டினால் விண்டோஸுக்கு அவரை யாரென்றே தெரியாது.

ஒரு காரியம் செய்யுங்கள். எக்ஸ்பி_சிஎம்டிஷெல்லுக்குள் காப்பிக்குப் பதிலாக யார் பெயரில் ஓடுகிறது என்று காட்டும் 'ஹூஆம்ஐ' என்ற ஒற்றைக் கமாண்டைக் கொடுங்கள். லேப்டாப்பில் ஒரு தடவை, சர்வரில் ஒரு தடவை. இரண்டு விடையையும் இங்கே போடுங்கள்.

நூல்கண்டு | திங்கள், காலை 11.20

லேப்டாப்பில் என் பெயரே வந்தது. இன்ஸ்டால் செய்தபோது எஸ்கியூஎல் சர்வரின் சர்வீஸுக்கு (பின்னணியில் ஓடும் புரோகிராம்) என் லாகினையே கொடுத்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

சர்வரில் 'என்டி சர்வீஸ்\எம்எஸ்எஸ்கியூஎல்சர்வர்' என்று வருகிறது. இப்படி ஒரு ஆளை நான் உருவாக்கவே இல்லையே?

வேலம்மாள்_டிபிஏ | திங்கள், காலை 11.48

நீங்கள் உருவாக்கவில்லை, இன்ஸ்டாலர் உருவாக்கியது. எஸ்கியூஎல் சர்வர் 2012 முதல், வேறு கணக்கு கொடுக்காவிட்டால் இப்படி ஒரு மெய்நிகர்க் கணக்கில்தான் சர்வீஸ் ஓடும். உங்களுடையது தனிப் பெயர் வைக்காத டீஃபால்ட் இன்ஸ்டன்ஸ், அதனால் இந்தப் பெயர்.

எஸ்ஏவைப் போல் சிஸ்அட்மின் என்ற முழு உரிமை உள்ளவர் எக்ஸ்பி_சிஎம்டிஷெல் கொடுத்தால், அந்தக் கமாண்ட் சர்வீஸ் கணக்கின் பெயரில்தான் ஓடும். நீங்கள் ரிமோட் டெஸ்க்டாப்பில் ஃபோல்டரைத் திறந்தது உங்கள் பெயரில். அது திறந்ததால் இதுவும் திறக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இசட் டிரைவும் அப்படித்தான்: டிரைவை மாட்டியது உங்கள் லாகினுக்குள், சர்வீஸ் அதைப் பார்க்கவே முடியாது.

அடுத்த சுழி: இந்த மெய்நிகர்க் கணக்கின் பெயர் அந்தச் சர்வருக்குள் மட்டும்தான் செல்லுபடியாகும். நெட்வொர்க்கில் இன்னொரு கணினிக்குப் போகும்போது, சர்வர் கணினியின் பெயரோடு கடைசியில் டாலர் குறி சேர்த்த கணக்காகப் போய் நிற்கும். கணக்குப் பிரிவின் ஃபோல்டரில் அந்தக் கணினிக் கணக்குக்கு எழுதும் உரிமை கொடுத்தால் வேலை முடிந்தது. ஷேர் உரிமை (நெட்வொர்க் வழியாக வருவதற்கு), என்டிஎஃப்எஸ் உரிமை (டிஸ்கில் அந்த ஃபோல்டருக்கே உள்ளது) இரண்டிலும் கொடுங்கள். ஒன்றில் மட்டும் கொடுத்துவிட்டு அரை நாள் தேடிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. அந்த உரிமை சேர்க்கும் பெட்டியில் கணினிகளையும் தேடு என்று தனியாக டிக் செய்யாவிட்டால், டாலர் போட்ட பெயர் அங்கே கிடைக்காது.

உங்கள் ஆபீஸில் எல்லாக் கணக்கையும் ஒரே இடத்தில் வைக்கும் டொமைன் இருக்கிறதல்லவா? கணினிக்குக் கணினி தனிக் கணக்கு வைக்கும் வெறும் ஒர்க்குரூப் என்றால் இந்த வழி உதவாது.

நூல்கண்டு | திங்கள், மதியம் 12.15

டொமைன் இருக்கிறது. உரிமை கொடுத்தேன். ஓடிவிட்டது! நன்றி அக்கா. இழையை மூடிவிடலாம்.

பூட்டு_சாவி | திங்கள், மதியம் 12.31

பொறுங்கள், மூடாதீர்கள். எக்ஸ்பி_சிஎம்டிஷெல் 2005 பதிப்பிலிருந்து அணைத்த நிலையில்தான் வருகிறது. யாரோ வேண்டுமென்றே திறந்திருக்கிறார்கள். அதற்கு மேல் இப்போது நெட்வொர்க்கிலும் எழுதும் உரிமை. அப்ளிகேஷனே எஸ்ஏ பெயரில் இணைகிறது என்று வேறு சொல்கிறீர்கள்.

2002 மே மாதம் ஸ்பைடா என்றொரு புழு பரவியது. பெரிய வித்தை எதுவும் அதனிடம் இல்லை. எஸ்ஏவுக்குப் பாஸ்வேர்டே வைக்காத எஸ்கியூஎல் சர்வர்களைத் தேடிப்போய் நுழைந்து, இதே எக்ஸ்பி_சிஎம்டிஷெல்லைப் பிடித்துக்கொண்டு விண்டோஸுக்குள் இறங்கியது. டேட்டாபேஸுக்குள் வந்தவன் டேட்டாவோடு நிற்காமல் முழுக் கணினியையும் எடுத்துக்கொள்ள இது ஒன்று போதும்.

என் கருத்து: உடனே அணையுங்கள். இதில் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை.

கல்லாப்பெட்டி | திங்கள், மதியம் 1.10

பூட்டு சார், பாதிதான் ஒத்துக்கொள்வேன்.

அணைத்து வைத்தால் யாரைத் தடுக்கும்? சிஸ்அட்மின் உரிமையோடு நுழைந்தவன் எஸ்பி_கன்ஃபிகர் என்ற அமைப்பு மாற்றும் கட்டளையை இரண்டு வரி அடித்தால் திரும்பத் திறந்துவிடும். சிஸ்அட்மின் இல்லாதவனுக்கோ, திறந்தே கிடந்தாலும் தனியாக உரிமை கொடுக்காதவரை ஓடாது. ஆக அந்தச் சுவிட்சு பூட்டே இல்லை, கொக்கி.

ஆடிட்டர் வந்து 'ஆஃப்' என்று பார்த்து டிக் போட்டுவிட்டுப் போகிறார். அப்ளிகேஷன் எஸ்ஏவாக இணைகிறதா என்று அவர் கேட்பதில்லை. நோய் அதுதான்.

பூட்டு_சாவி | திங்கள், மதியம் 1.22

கொக்கியாகவே இருக்கட்டும். அணைத்து வைத்த ஒன்றைத் திறந்தால் எரர் லாகில் ஒரு வரி விழும், அதைக் கண்காணிக்கலாம். எப்போதும் திறந்தே கிடந்தால் அந்த வரியும் கிடையாது. நான் அதற்காகவாவது அணைப்பேன்.

எஸ்ஏ விஷயத்தில் உங்கள் பக்கம்தான்.

கல்லாப்பெட்டி | திங்கள், மதியம் 1.30

லாக் விஷயம் சரி. அதை நான் யோசிக்கவில்லை.

பழைய_பாக்ஸ்புரோ | திங்கள், மாலை 4.02

இதையெல்லாம் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். டிபேஸ் த்ரீ பிளஸ் காலத்தில் 'ரன்' என்று போட்டு டாஸ் கமாண்டை எழுதினால் முடிந்தது. பாக்ஸ்புரோவில் ஓர் ஆச்சரியக்குறி போட்டாலே போதும். எங்களுக்கு இருந்த ஒரே கவலை மெமரி. 640 கேபிக்குள் டிபேஸும் உட்கார்ந்து, கமாண்ட் டாட் காமின் இன்னொரு பிரதியும் ஏறி, அதற்குள் நம் புரோகிராமும் ஓட வேண்டும். இடம் போதாவிட்டால் முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடும்.

'யார் பெயரில் ஓடுகிறது' என்ற கேள்வியே அன்றைக்குக் கிடையாது. ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு ஆள். கமாண்ட் ஓடும் இடமும் ஆள் உட்கார்ந்திருக்கும் இடமும் ஒன்றுதான். பின்னால் டேட்டாபேஸ் வேறு அறைக்குப் போனது, வேறு ஊருக்குப் போனது. பழக்கம் மட்டும் எங்களைப் போன்றவர்களிடம் அப்படியே நின்றுவிட்டது.

ஃபார்ம்ஸ்_பாண்டி | திங்கள், மாலை 5.37

ஐயா சொன்னதை நான் நேரில் அனுபவித்தவன். டேட்டாபேஸுக்குத் திரைகள் அமைக்கும் ஆரக்கிள் ஃபார்ம்ஸ் 6ஐ-யில் ஒரு பட்டன். அதன் பின்னால் 'ஹோஸ்ட்' என்ற கட்டளை, எக்செல்லைத் திறந்து அறிக்கையைக் காட்டும். ஃபார்ம் பயனர் கணினியிலேயே ஓடும் கிளையண்ட் சர்வர் முறை என்பதால் பயனர் மேசையிலேயே எக்செல் திறக்கும்.

அப்புறம் நிர்வாகம் வெப் ஃபார்ம்ஸுக்கு மாறச் சொன்னது. 9ஐ முதல் ஃபார்ம்ஸில் கிளையண்ட் சர்வர் முறையே கிடையாது. ஃபார்ம்களைக் கம்பைல் செய்தோம், ஒரு பிழையும் இல்லை. முதல் நாள் காலையில் போன்: 'பட்டனை அழுத்துகிறோம், ஒன்றும் வரவில்லை.' பிழைச் செய்தியும் இல்லை. ஆட்கள் சளைக்காமல் திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறார்கள். மதியம் அப்ளிகேஷன் சர்வர் மந்தமாகிவிட்டது என்று புகார். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், எக்செல் எக்செல் எக்செல் என்று வரிசை இறங்கிக்கொண்டே போகிறது. ஹோஸ்ட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது, ஆனால் சர்வரில். பார்க்கத்தான் அங்கே ஆள் இல்லை.

பயனர் கணினியில் கமாண்ட் ஓட்ட உதவும் வெப்யூட்டில் நூலகத்தைச் சேர்த்து, ஹோஸ்ட் இருந்த இடத்திலெல்லாம் கிளையண்ட்_ஹோஸ்ட் என்று மாற்றினோம். அதை மாற்றுவதா வேண்டாமா என்று ஒவ்வொரு இடத்திலும் யோசிக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் சில ஹோஸ்ட் நிஜமாகவே சர்வரில் ஓட வேண்டியவை.

யானைப்பாகன் | திங்கள், இரவு 8.15

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் பக்கத்திலிருந்தும் ஒரு சொல். இங்கே 9.3 பதிப்பில் காப்பி கட்டளைக்குள் 'புரோகிராம்' என்ற வழி வந்தது. ஒரு ஷெல் கமாண்டின் வெளியீட்டை நேராக டேபிளுக்குள் ஏற்றலாம், டேபிளிலிருந்து கமாண்டுக்குத் தள்ளவும் செய்யலாம். சூப்பர்யூசருக்கு மட்டும் இருந்த இந்த உரிமையை 11ஆம் பதிப்பில் தனி ரோலாகவும் பிரித்துக் கொடுத்தார்கள்.

2019இல் இதைப் பாதுகாப்பு ஓட்டை என்று சொல்லி, ஓட்டைகளைப் பட்டியலிடும் சிவிஇ வரிசையில் எண்ணே போட்டுவிட்டார்கள். போஸ்ட்கிரெஸ் குழு ஒப்புக்கொள்ளவில்லை: சூப்பர்யூசருக்கும் அந்தச் சர்வீஸ் ஓடும் விண்டோஸ் அல்லது லினக்ஸ் கணக்குக்கும் நடுவில் சுவர் இருப்பதாக நாங்கள் எப்போதும் சொன்னதில்லை என்பது அவர்கள் வாதம். கல்லாப்பெட்டி சொன்ன அதே கதைதான்.

மைஎஸ்கியூஎல்லில் புதியவர்கள் குழம்பும் இடம் வேறு. கிளையண்டில் 'சிஸ்டம்' என்று அடித்து ஒரு கமாண்டை ஓட்டிவிட்டு, சர்வரில் ஓடியதாக நினைத்துக்கொள்வார்கள். அது ஓடுவது நீங்கள் தட்டச்சு செய்யும் கணினியில். போஸ்ட்கிரெஸின் கிளையண்டான பிஎஸ்கியூஎல்லின் பேக்ஸ்லாஷ் ஆச்சரியக்குறியும் அப்படித்தான்.

நூல்கண்டு | செவ்வாய், காலை 9.50

நேற்று மூடலாம் என்று சொன்னது தப்பாகிவிட்டது. இன்றைக்குப் புதுத் தலைவலி.

புதிய பில் எல்லாம் நன்றாகப் போகிறது. ஏற்கெனவே போட்ட பில்லைத் திருத்திச் சேமித்தால் மட்டும் திரை உறைந்துவிடுகிறது. பிழை இல்லை, டைம்அவுட்டும் இல்லை, பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்த செஷனை கில் செய்தால் 'கில்டு/ரோல்பேக்' என்று காட்டிவிட்டு அப்படியே நிற்கிறது. கடைசியில் சர்வீஸையே ரீஸ்டார்ட் செய்தேன். திட்டாதீர்கள்.

வேலம்மாள்_டிபிஏ | செவ்வாய், காலை 10.12

திருத்தும் புரொசீஜரில் பிகின் டிரான்சாக்ஷன் போட்டு, மாற்றத்தை உறுதி செய்யும் கமிட்டுக்கு முன்னால் பிசிபி வருகிறதா?

நூல்கண்டு | செவ்வாய், காலை 10.20

ஆமாம்! புதிய பில்லில் டிரான்சாக்ஷன் முடிந்த பிறகு வருகிறது. திருத்தத்தில் உள்ளேயே இருக்கிறது. எப்படித் தெரிந்தது?

வேலம்மாள்_டிபிஏ | செவ்வாய், காலை 10.45

நானும் அதே குழியில் விழுந்தவள்தான்.

பிசிபி உங்கள் செஷனுக்குள் ஓடுவதில்லை. வெளியே போய், புதிதாக ஒரு இணைப்புப் போட்டுக்கொண்டு, வாசல் வழியாகத் திரும்ப அதே டேட்டாபேஸுக்குள் வருகிறது. வந்து, நீங்கள் திருத்திய அந்த வரியைப் படிக்கப் பார்க்கிறது. அதை நீங்கள் லாக் செய்து வைத்திருக்கிறீர்கள், இன்னும் கமிட் ஆகவில்லை. எனவே பிசிபி உங்களுக்காகக் காத்திருக்கிறது. எக்ஸ்பி_சிஎம்டிஷெல்லோ கமாண்ட் முடியும்வரை திரும்பாது. எனவே நீங்கள் பிசிபிக்காகக் காத்திருக்கிறீர்கள். மாமியார் மருமகள் இரண்டு பேரும் 'அவள் முதலில் பேசட்டும்' என்று இருந்தால் வீடு எப்படி இருக்கும்?

இப்படி ஒருவருக்காக ஒருவர் காத்துக் கிடப்பது சாதாரண டெட்லாக் என்றால் எஸ்கியூஎல் சர்வர் கண்டுபிடித்து ஒருவரைப் பலி கொடுத்துவிடும். இங்கே காத்திருப்பின் ஒரு பாதி விண்டோஸில் இருக்கிறது. அதற்குத் தெரிவது பாதி வளையம்தான், அதனால் தலையிடாது.

கில் வேலை செய்யாததும் இதனால்தான். வெளியே ஓடும் புரோகிராம் முடிந்தால்தான் செஷன் விடுபடும். அடுத்த தடவை சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். சர்வரின் டாஸ்க் மேனேஜரில் அந்தப் பிசிபியை மட்டும் நிறுத்துங்கள், மற்றவர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று: டிரான்சாக்ஷனுக்குள் காப்பி செய்துவிட்டுப் பின்னால் ரோல்பேக் ஆனால், டேபிள் பழைய நிலைக்குப் போகும். கணக்குப் பிரிவுக்குப் போன கோப்பு போனதுதான்.

கல்லாப்பெட்டி | செவ்வாய், காலை 11.30

கோப்புக்கு என்ன பெயர் வைக்கிறீர்கள் தம்பி? வாடிக்கையாளர் பெயரா?

நூல்கண்டு | செவ்வாய், காலை 11.34

ஆமாம், பெயரும் தேதியும். ஏன் கேட்கிறீர்கள்?

கல்லாப்பெட்டி | செவ்வாய், மதியம் 12.05

முன்பு நான் இருந்த இடத்தில் இப்படித்தான் வைத்தோம். பல மாதம் ஓடியது. திடீரென்று கணக்குப் பிரிவிலிருந்து, இன்னாருடைய பில் வரவே இல்லை என்று புகார். தேடிப்பார்த்தால் பொது ஃபோல்டரில் 'லட்சுமி' என்று ஒரு கோப்பு, சிஎஸ்வி என்ற வால் இல்லாமல்.

அந்த வாடிக்கையாளர் பெயர் 'லட்சுமி & கோ'. விண்டோஸில் கமாண்டை ஓட்டும் சிஎம்டிக்கு அந்த & குறி, ஒரு கமாண்ட் முடிந்தது, அடுத்தது வருகிறது என்பதற்கான அடையாளம். முதல் பாதி 'லட்சுமி' என்ற பெயரில் காப்பி செய்துவிட்டது. இரண்டாம் பாதியில் 'கோ' என்றொரு புரோகிராமைத் தேடி, அப்படி ஒன்றும் இல்லை என்று ஒரு வரி சொல்லியிருக்கிறது. அந்த வரியை யாரும் படிக்கவில்லை. அதே ஊரில் 'லட்சுமி & சன்ஸ்' என்று இன்னொருவர். ஒருவர் பில்லின் மேல் இன்னொருவர் பில் ஏறி உட்கார்ந்துவிட்டது. காப்பிக்கு ஸ்லாஷ் ஒய் போட்டிருந்ததால் கேள்வி கேட்காமல் அழித்து எழுதியிருக்கிறது.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. கெட்ட எண்ணம் உள்ளவர் வாடிக்கையாளர் பெயர்க் கட்டத்தில் & போட்டு, பக்கத்தில் 'டெல்' என்று அடித்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெயரை மேற்கோள் குறிக்குள் வைத்தால் ஓரளவு தப்பலாம். ஆனால் பெயருக்குள்ளேயே மேற்கோள் குறி வந்தால்? அதிலும் சிஎம்டி, மேற்கோள் குறியிலேயே தொடங்கும் கமாண்டில் இரண்டுக்கு மேல் மேற்கோள் குறி பார்த்தால் முதலையும் கடைசியையும் தானே உருவி எறியும். அதை நம்பிப் பிழைப்பு நடத்த முடியாது.

பில் எண் மட்டும் வையுங்கள். எழுத்தும் எண்ணும் தவிர எதையும் கமாண்டுக்குள் விடாதீர்கள்.

நூல்கண்டு | செவ்வாய், மதியம் 12.40

இப்போதே பட்டியலைப் பார்த்தேன். '& கோ' பதினொன்று, '& சன்ஸ்' நான்கு. வயிறு கலங்குகிறது.

சரி, முறையாகச் செய்வதென்றால் எப்படி? ஒருவர் பிராக்ஸி கணக்கு (சர்வீஸ் கணக்குக்குப் பதிலாகக் கமாண்டை ஓட்டும் மாற்றுக் கணக்கு) வைக்கச் சொன்னார். வைத்தேன். ஹூஆம்ஐ இன்னமும் பழைய பெயரையே காட்டுகிறது.

வேலம்மாள்_டிபிஏ | செவ்வாய், மதியம் 1.15

எக்ஸ்பி_சிஎம்டிஷெல்லின் பிராக்ஸி சிஸ்அட்மின் இல்லாதவர்களுக்கு மட்டும். நீங்கள் எஸ்ஏவாக இருக்கும்வரை அது உங்களைத் தொடவே தொடாது.

நான் செய்வது இதுதான். அப்ளிகேஷன் விண்டோஸைத் தொடவே கூடாது. 'அனுப்ப வேண்டியவை' என்று ஒரு டேபிள் போடுங்கள். பில் முடிந்தால் அதே டிரான்சாக்ஷனுக்குள் பில் எண்ணோடு ஒரு வரி சேர்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். ரோல்பேக் ஆனால் அந்த வரியும் சேர்ந்தே போகும், கோப்பு கிளம்பியே இருக்காது. நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் எஸ்கியூஎல் ஏஜெண்டில் நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஜாப் அந்த டேபிளைப் பார்த்து, கோப்பை எழுதி, அனுப்பி, 'அனுப்பியாயிற்று' என்று குறித்துக்கொள்ளும். ஜாபின் கமாண்ட் ஸ்டெப்புக்குத் தனி டொமைன் கணக்கைப் பிராக்ஸியாகக் கொடுங்கள். அந்தக் கணக்குக்கு டேட்டாபேஸில் அந்த இரண்டு மூன்று டேபிள், வெளியே அந்த ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான் உரிமை. நேற்று கணினிக் கணக்குக்குக் கொடுத்த உரிமையைத் திரும்ப எடுத்துவிடுங்கள். அப்ளிகேஷனுக்கும் எஸ்ஏ இல்லாத ஒரு லாகின்.

நெட்வொர்க் படுத்தால் பில் போடுவது நிற்காது. கோப்பு கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவே.

ஃபார்ம்ஸ்_பாண்டி | செவ்வாய், மதியம் 1.40

ஆரக்கிளிலும் கிட்டத்தட்ட இதே. டிபிஎம்எஸ்_ஷெட்யூலரில் எக்ஸிக்யூட்டபிள் வகை ஜாப் 10ஜியில் வந்தது, எந்தக் கணக்கில் ஓட வேண்டும் என்று கிரெடென்ஷியல் கொடுக்கும் வசதி 11ஜியில். அதற்கு முன் ஜாவா ஸ்டோர்ட் புரொசீஜர் எழுதிப் பட்ட பாடு சொல்லி மாளாது.

மாவரைப்பவன் | செவ்வாய், மதியம் 2.20

எங்களிடம் இருப்பது எக்ஸ்பிரஸ் பதிப்பு. அதில் ஏஜெண்ட் கிடையாதே?

வேலம்மாள்_டிபிஏ | செவ்வாய், மதியம் 2.26

விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர் இருக்கிறது. ஒரு பேட்ச் கோப்பில், கமாண்ட் வரியிலிருந்து எஸ்கியூஎல் சர்வரோடு பேசும் எஸ்கியூஎல்சிஎம்டி வைத்து ஓட்டுங்கள். டேபிள் யோசனை அதேதான்.

நூல்கண்டு | வியாழன், மாலை 6.10

டேபிள், ஜாப், பிராக்ஸி, எல்லாம் போட்டாயிற்று. எக்ஸ்பி_சிஎம்டிஷெல்லை அணைத்துவிட்டேன், பூட்டு சாருக்குத் திருப்திதானே? திருத்திய பில்லும் உடனே சேமிக்கிறது.

ஒரே ஒரு குறை. காப்பிக்குப் பதிலாக ரோபோகாப்பி வைத்தேன். கோப்பு ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது. ஆனால் ஜாப் 'தோல்வி' என்று சிவப்பில் காட்டுகிறது. அனுப்ப ஒன்றும் இல்லாதபோது மட்டும் 'வெற்றி' என்கிறது!

யானைப்பாகன் | வியாழன், மாலை 6.25

ரோபோகாப்பியின் குணம் அது. கோப்பு எதுவும் நகரவில்லை என்றால் 0 என்று சொல்லி வெளியேறும், ஒழுங்காக நகர்த்தினால் 1. எட்டும் அதற்கு மேலும் வந்தால்தான் நிஜமான தோல்வி. ஏஜெண்டோ 0 தவிர எல்லாம் தோல்வி என்று நினைக்கும். பேட்ச் கோப்பின் கடைசியில், எரர்லெவல் (வெளியேறும்போது சொல்லும் அந்த எண்) எட்டுக்குக் குறைவு என்றால் 0 கொடுத்து வெளியேறு என்று ஒரு வரி சேருங்கள்.

நூல்கண்டு | வியாழன், மாலை 6.52

சேர்த்தேன், பச்சை வந்துவிட்டது.

அப்ளிகேஷனுக்கு வேறு லாகின் கொடுத்து எஸ்ஏ பாஸ்வேர்டை மாற்றியதும் இரண்டு பழைய ரிப்போர்ட்டும், யாரோ எப்போதோ எழுதிய ஒரு எக்செல் மேக்ரோவும் நின்றுவிட்டன. எக்செல்லுக்குள் பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கு நாளைக்குத் தனி இழை திறக்கிறேன்.